பழைய கார் பெற்றோல் குடிக்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறுக்குப் போகும் வழி

என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டின் டொயோட்டா கரீனா 212. 1500 சிசி, 5ஏ எஞ்சின், ஓட்டோ கியர். கீழே சொல்வதெல்லாம் அந்தக் காரோடு திருகோணமலையில் பட்டு அறிந்தது. சன்னி, லான்சர், கொரோலா என்று அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து வந்த எந்தக் காருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு 2022இல்தான் வந்தது. ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில், பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவு முழுக்கக் காருக்குள் படுத்துக் கிடந்தோம். அந்த 20 லீற்றரும் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு சிஆர் கொப்பி வாங்கினேன். வரிசை போய்விட்டது, கொப்பி மட்டும் இன்னும் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன்

"மைலேஜ் குறைந்துவிட்டது" என்று வருபவர்களில் பாதிப் பேர் டாங்க் முள்ளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். பழைய காரின் முள் பொய் சொல்லும். பாதிக்கு மேல் மெதுவாக இறங்கும், பாதிக்குக் கீழே ஓடிவிடும்.

டாங்க்கை நிரப்புங்கள். பம்ப் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் போதும், கழுத்து வரை ஊற்றச் சொல்லாதீர்கள். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த முறை அதே செட், அதே பம்ப், அதே 'டக்'. ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் விடை வந்துவிடும். சென்ற மாதம் எனக்கு 412 கிலோமீற்றருக்கு 36.5 லீற்றர் பிடித்தது. லீற்றருக்கு 11.3.

இதில் பலர் செய்யும் பிழை, கந்தளாய் வரை போய் வந்து கணக்குப் போடுவது. போய்வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர், ஆறு ஏழு லீற்றர்தான் செலவாகும். பம்ப் அரை லீற்றர் முந்தி நின்றாலோ பிந்தி நின்றாலோ, விடையில் 7 சதவீதம் பிழை. குறைந்தது 300 கிலோமீற்றர் ஓடிவிட்டுப் பாருங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை எழுதினால்தான் நம்பலாம்.

இன்னொன்று, உங்கள் மீற்றர் காட்டும் கிலோமீற்றர் உண்மையா? முந்திய சொந்தக்காரர் வேறு அளவு டயர் போட்டிருந்தால் மீற்றரும் பிழைக்கும். கந்தளாய் வீதியில் கிலோமீற்றர் கற்களை வைத்துப் பத்துக் கல் தூரம் ஓடிப் பாருங்கள். மீற்றர் 9.5 காட்டினால் உங்கள் மைலேஜ் நீங்கள் நினைப்பதைவிட 5 சதவீதம் நல்லது. காசு செலவில்லாமல் கிடைத்த லாபம்!

என் கொப்பியில் ஊருக்குள் ஏசியோடு 9 முதல் 10, நெடுந்தூரத்தில் 13 முதல் 14. இந்த வயதுக் காருக்கு இது நோயில்லை. இதற்குக் கீழே போனால்தான் தேட வேண்டும்.

"ஊருக்குள்தான் மோசம். கொழும்புக்குப் போனால் பரவாயில்லை"

இது பெரும்பாலும் காரின் பிழையில்லை. காலையில் ஓர்ஸ் ஹில்லிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது, பத்து மணிக்குச் சந்தை, மாலையில் டச்பே கடற்கரை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கிலோமீற்றர். எஞ்சின் சூடாகி முடிவதற்குள் நிறுத்திவிடுகிறோம். சூடாகும் வரை, எஞ்சினை நடத்தும் கணினி வேண்டுமென்றே கூடுதல் பெற்றோல் ஊற்றும். அப்படிச் செய்யத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நடுவில் வீதிக்கு வந்து நிற்கும் மானுக்கும் மாட்டுக்கும் வேறு நிறுத்த வேண்டும்.

சோதிக்க ஒரு வாரம் போதும். மூன்று சின்னப் பயணத்தை ஒரே சுற்றாக்குங்கள். மைலேஜ் ஏறினால் கராஜுக்குப் போக வேலையில்லை. ஏறவில்லையா, அடுத்ததைப் பாருங்கள்.

"டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருவதே இல்லை"

இதைக் கோளாறு என்றே பலர் நினைப்பதில்லை. "என் கார் சூடே ஆகாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொன்னேன், ஒன்றரை வருடம்.

கார் வாங்கிய நாளிலிருந்து முள் கால்வாசிக்கு மேல் வந்ததில்லை. கந்தளாய் வீதியில் காற்றுப் பட ஓடினால் இன்னும் கீழே இறங்கும். லீற்றருக்கு எட்டரைக்கு மேல் கிடைக்கவில்லை. பிளக் மாற்றினேன், எயார் ஃபில்டர் மாற்றினேன், பெற்றோலில் ஊற்றும் ஏதோ ஒரு திரவம் வாங்கி ஊற்றினேன். எதுவும் அசையவில்லை. ஒருநாள் வேறொரு கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர் முள்ளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இதுக்குள்ள தெர்மோஸ்டாட் இருக்கா?"

"தெரியாதண்ணை. ஏன், இல்லாமலும் ஓடுமா?"

"ஓடும். கனபேர் கழட்டி எறிஞ்சிடுவாங்க. எங்கட வெயிலுக்கு அது தேவையில்லையெண்டு ஒரு கதை."

திறந்து பார்த்தார். இல்லை. எப்போதோ யாரோ சூடேறும் கோளாறு ஒன்றை மறைக்கக் கழற்றியிருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர்ப் பாதையில் உள்ள ஒரு கதவு. தண்ணீர் ஏறத்தாழ 82 பாகை வரும்வரை மூடியிருந்து எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும். பிறகு திறந்து றேடியேற்றருக்கு விடும். வெளியே 34 பாகை வெயில் என்பதால் அது வேண்டாம் என்பது தவறு. எஞ்சினுக்கு வேண்டியது 80க்கு மேல், எங்கள் வெயில் அதற்குப் பக்கத்திலும் இல்லை. கதவு இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். கணினி "இன்னும் குளிர்" என்று எண்ணிப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். ஒயிலும் தடிப்பாகவே இருக்கும். சில ஓட்டோ கியர்கள் தண்ணீர் சூடாகும்வரை ஓவர் டிரைவ் என்ற மேல் கியருக்குள்ளும் போகாது. மூன்று நட்டமும் ஒன்றாகச் சேரும்.

நீங்களே பார்க்கலாம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, றேடியேற்றருக்கு மேலே போகும் தடித்த ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்குக் கை போகாமல். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் குழாய் சில நிமிடம் ஆறியே இருந்து, பிறகு திடீரென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடேறினால் கதவு இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. கழற்றி எடுத்ததைச் சோதிப்பதானால் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்தால் போதும். கொதிப்பதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும்.

புதியது போட்டதும் எட்டரை பத்தாயிற்று. செலவழித்ததில் ஆகக் குறைந்த செலவு அதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. யாரோ அதைக் கழற்றியதற்குக் காரணம் இருந்திருக்கும். மாற்றிய பிறகு முள் நடுவைத் தாண்டி ஏறினால் றேடியேற்றர் அடைத்திருக்கிறது, அல்லது ஃபேன் சுழலவில்லை. அதைச் செய்யாமல் தெர்மோஸ்டாட்டைத் திரும்பக் கழற்றாதீர்கள். எனக்கும் றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட்டேன். கடலோரக் கிணற்று உப்பு றேடியேற்றருக்குள் என்ன செய்யும் என்பதை அந்தப் பழைய றேடியேற்றரைத் தட்டியபோது கொட்டிய பொருக்கு காட்டிவிட்டது. கூலன்ட்டும் வடித்த நீரும் மட்டும்தான் இப்போது.

"முள் சரி. ஆனால் புகைக்குழாய் வாய் கறுப்பு, பெற்றோல் வாடை"

முதலில் வாடை எங்கிருந்து என்று பாருங்கள். டாங்க் நிரப்பிய அன்று மட்டும், காரின் பின்பக்கத்தில் வாடை என்றால் அது எஞ்சின் விடயமில்லை. பெற்றோல் ஊற்றும் கழுத்துக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், அல்லது அதன் ரப்பர் வெடித்திருக்கும். இதில் வழிமுறை எதுவும் இல்லை. அன்றைக்கே மாற்ற வேண்டும்.

புகைக்குழாய் வாயில் விரலால் தொட்டால் உலர்ந்த கரி, பிளக் கழற்றினால் அதிலும் கரி என்றால் கலவை தடிப்பு: காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல். கராஜுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு கடதாசியைத் தேடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கை. "பாஸ்" என்ற சொல்லை மட்டும் பார்த்து மடித்து வைத்திருப்பீர்கள். அதில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் என்று இரண்டு இலக்கம் உண்டு. முதலாவது வருடத்துக்கு வருடம் ஏறினால் கலவை தடித்துக்கொண்டு போகிறது. இரண்டாவது மட்டும் ஏறினால் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது: பிளக், பிளக் வயர் பக்கம். பாஸ் ஆகும் எல்லை தாராளமானது, நல்ல எஞ்சின் அதற்கு எவ்வளவோ கீழே நிற்கும். காசு கொடுத்து எடுத்த மருத்துவ அறிக்கையைப் படிக்காமல் கோப்பில் போடுகிறோம்.

அடுத்தது கணினியைக் கேட்பது. அந்தக் காலத்து டொயோட்டாக்களுக்கு ஸ்கேனர் கட்டாயமில்லை. பொனட்டுக்குள் மூடி போட்ட சிறிய சோதனைப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்தத் துளை எது என்று படம் போட்டிருக்கும். டிஈ1 (TE1) என்ற துளையையும் ஈ1 (E1) என்ற துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஸ்டார்ட் செய்யாமல் ஓன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு மினுங்கும். இடைவிடாமல் ஒரே சீராக மினுங்கினால் பிழை எதுவும் பதிவாகவில்லை. இரண்டு தடவை, சிறு இடைவெளி, ஒரு தடவை என்றால் 21: புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சர். 22 நீர் வெப்பச் சென்சர். 31 எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் வக்யூம் சென்சர். வேறு துளைகளை இணைத்துவிடாதீர்கள், கணினி போனால் கார் போனது போலத்தான்.

பிழை எதுவும் பதிவாகவில்லை என்பதால் சென்சர்கள் நலம் என்று முடிவுகட்ட முடியாது. அறுந்துபோன சென்சரைத்தான் கணினி பிடிக்கும், பொய் சொல்லும் சென்சரை நம்பிவிடும். இதில் ஒரு பொறி உண்டு. டேஷ்போர்ட் முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சர் ஒற்றை வயர், கணினிக்கு அனுப்புவது இரட்டை வயர். இரண்டும் வேறு. முள் அழகாக நடுவில் நிற்கும்போதே கணினிக்குக் குளிர் என்ற செய்தி போய்க்கொண்டிருக்கலாம். மல்டிமீற்றர் இருந்தால் இரட்டை வயர்ச் சென்சரின் தடையை அளந்து பாருங்கள். 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம். சூடான எஞ்சினில் 1 கிலோ ஓம் காட்டினால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

வக்யூம் சென்சருக்குப் போவது பென்சில் தடிப்புக்கூட இல்லாத ரப்பர் குழாய். 25 வருட வெயிலில் அது பிஸ்கட் மாதிரி உடையும். அது கசிந்தால் எஞ்சின் பாரம் இழுக்கிறது என்று கணினி எண்ணிப் பெற்றோலைக் கூட்டும். முழத்துக்கு வாங்கி மாற்றக்கூடிய பொருள். இதைப் பார்க்காமல் ஒட்சிசன் சென்சர் வாங்கக் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தை வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒட்சிசன் சென்சர் கடைசி. எஞ்சின் நன்றாகச் சூடானபின் 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2500 சுற்றில்) பிடித்து வைத்தால் அதன் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஓயாமல் ஆட வேண்டும். பத்து விநாடியில் எட்டுத் தடவையாவது ஆடினால் அதற்கு உயிர் இருக்கிறது. சோம்பலாக ஆடினாலோ ஓரிடத்தில் நின்றாலோ மாற்றலாம். பாவித்தது வாங்காதீர்கள். அது ஏற்கெனவே ஒரு காரில் செத்துக்கொண்டிருந்தது.

எயார் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அழுக்கு ஃபில்டரால் பெற்றோல் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் காற்றுக் குறைந்தால் கணினி பெற்றோலையும் குறைத்துவிடும், இழுவைதான் குறையும். எஞ்சினுக்குள் புழுதி போகாமல் இருக்க ஃபில்டரை மாற்றுங்கள், மைலேஜுக்காக மாற்றாதீர்கள். 95 ஒக்டேனும் அப்படித்தான். ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்த எஞ்சினுக்கு 92 போதும்.

"நெடுந்தூரம் போனால்தான் குடிக்கிறது"

ஊருக்குள் 9, ஹபரணை தாண்டிப் போய் வந்தால் 10. இது போதாது. நெடுஞ்சாலையில் மைலேஜ் நன்றாக ஏற வேண்டும்.

ஓட்டோ கியர்க் காரில் முதலில் பார்க்க வேண்டியது டேஷ்போர்டில் 'ஓடி ஓஃப்' (O/D OFF) என்ற மஞ்சள் விளக்கு. கியர்த் தடியின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. என் மகன் காரைத் துடைக்கும்போது அதை அழுத்திவிட்டான். இரண்டு மாதம் மேல் கியர் இல்லாமல் ஓடினேன். கார் ஏன் சத்தம் போடுகிறது என்று கராஜில் வேறு கேட்டேன், அங்கேயும் யாரும் அந்த விளக்கைப் பார்க்கவில்லை. என் காரில் மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும்போது ஆர்பிஎம் 2000க்குச் சற்று மேல் நிற்கும். ஓவர் டிரைவ் இல்லாவிட்டால் 3000ஐ நெருங்கும்.

விளக்கும் எரியவில்லை, ஆர்பிஎம்மும் கொஞ்சம் கூட என்றால் லொக்-அப் சோதனை. லொக்-அப் என்பது ஓடும்போது எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நழுவாமல் பூட்டும் பிடி. சமதரையில் 70இல் காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, இடக்காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். பின்னால் எவரும் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் இருநூறு முந்நூறு துள்ளினால் லொக்-அப் வேலை செய்கிறது. துள்ளவே இல்லையா, தண்ணீர் சூடாகாததாலும் இருக்கலாம், தெர்மோஸ்டாட் பகுதியை மறுபடி படியுங்கள். அதுவும் சரியென்றால் கியர் ஒயிலின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தெரிந்த கியர்பொக்ஸ் மெக்கானிக்கிடம் போங்கள். கறுத்து, கருகிய மணம் வீசினால் செலவு பெரிது.

காரைக் குறை சொல்ல முன் காற்றையும் பாருங்கள். கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் போகும்போது காற்று முகத்தில். போகும்போது 12, வரும்போது 15 என்று என் கொப்பியில் பல வரிகள் உண்டு. 70க்கு மேல் போனால் சட்டமும் பிடிக்கும், பெற்றோலும் பிடிக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது: 70இல் இருப்பதைவிட 100இல் இரண்டு மடங்கு. கூரையில் பெட்டி கட்டும் கம்பி சும்மா கிடந்தால் கழற்றி வையுங்கள்.

"கார் கனக்கிறது, காலை எடுத்தால் உருளுவதில்லை"

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். கடற்காற்று பிரேக் பக்கத்தில்தான் கைவரிசையைக் காட்டும். முன் பிரேக்கில் கட்டையை அழுத்தும் கலிப்பர் வழுக்கும் இரண்டு ஊசிகளும் துருவால் இறுகும். காலை எடுத்தபின்னும் பிரேக் கட்டை டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருத்துப்போய்த் திரும்பி வராது. மாரி முழுக்க ஹேண்ட் பிரேக் இழுத்தபடி நிறுத்திவைத்தால் அது இன்னும் மோசம். சமதரை என்றால் 'பி'யில் போட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல்லை வையுங்கள்.

பத்துக் கிலோமீற்றர் பிரேக்கை அதிகம் பாவிக்காமல் ஓடி வந்து நிறுத்தி, புறங்கையை நான்கு ரிம்முக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரம்தான். ஜாக் போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றினாலும் தெரியும். ஊசியைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் பூசுவது ஒரு மணி நேர வேலை. சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும்.

டயர்க் காற்றுக்கு நான் அவ்வளவு பெரிய பட்டம் கொடுக்க மாட்டேன். நான்கிலும் 5 பிஎஸ்ஐ குறைந்தால் ஏறத்தாழ 1 சதவீதம் பெற்றோல், அவ்வளவுதான். ஆனால் டயரின் ஓரம் தேய்வதில் போகும் காசு பெற்றோலைவிடக் கூட. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள், ஒவ்வொரு கடையிலும் வேறு வேறு இலக்கம் காட்டும். ஒரு பக்கத்து ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட்.

"மழைக்கு மட்டும் திக்குகிறது"

நவம்பர் பிறந்தால் இந்தக் கேள்வி வரும். பிளக் வயர் உறையில் மயிரிழை வெடிப்பு. ஈரத்தில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்புக்குத் தாவுகிறது. இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் வயர்களுக்கு மேல் மெல்லிய தூவல் விடுங்கள். கசியும் இடத்தில் நீல மின்மினி தெரியும். கையை வைக்காதீர்கள். வயர் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மற்றது.

ஏசி போட்டதும் மைலேஜ் விழுவது இயல்பு. ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சுடுகாற்று வந்தால் முன்னால் உள்ள ஃபேன் சுழலவில்லை. மற்றப்படி சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கி ஓடி மிச்சம் பிடிக்கும் காசு எனக்கு வேண்டாம்.

"மைலேஜ் எல்லாம் சரி, காசுதான் நிற்கவில்லை"

இங்கேதான் பலரும் பிழையான இடத்தில் தேடுகிறார்கள். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 10 ஓடினால் கிலோமீற்றருக்கு 30 ரூபாய். 12 ஓடினால் 25. மாதம் 600 கிலோமீற்றர் ஓடுபவருக்கு வித்தியாசம் 3,000 ரூபாய். 60,000 ரூபாய்க்கு வேலை செய்து 10ஐ 12 ஆக்கினால் அந்தக் காசு திரும்ப வர 20 மாதம். மாதம் 300 கிலோமீற்றர்தான் ஓடுகிறீர்கள் என்றால் 40 மாதம். ஆகவே எதைக் கழற்றுவது என்பதற்கு முன் எவ்வளவு ஓடுகிறேன் என்று பாருங்கள். மூவாயிரம் ரூபாய்ச் சென்சரை மாற்ற யோசிக்க வேண்டாம், அறுபதாயிரத்துக்கு இரண்டு இரவு யோசிக்கலாம்.

"வித்துப்போட்டு ஹைபிரிட் எடு மச்சான்" என்பவர்களுக்கும் இதே கணக்கு. லீற்றருக்கு 20 என்றால் கிலோமீற்றர் 15 ரூபாய். மாதம் 600க்கு மிச்சம் 9,000, வருடத்துக்கு 108,000. இதை லீசிங் கட்டுக்காசுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பழைய ஹைபிரிட் என்றால் அதன் பற்றரி மாற்றும் செலவையும் சேர்த்து. தினமும் கந்தளாய்க்கு வேலைக்குப் போய் வருபவருக்குக் கணக்கு மாறும். மாதத்துக்கு ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர் வரும். அவர் எடுக்கட்டும்.

கொப்பியில் பெற்றோலுக்கு ஒரு பக்கம், மற்றதற்கு ஒரு பக்கம். மற்றதில் சேர்விஸ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, பற்றரி, டயர், பிறகு எதிலும் சேராத திடீர்ச் செலவு. டயர் எங்கள் ஊரில் தேய்ந்து சாவதைவிட வெயிலில் வெடித்துச் சாவதே அதிகம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பாவித்த டயர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குமுன் இதைப் படியுங்கள்.

டைமிங் பெல்ட்டை மட்டும் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். 5ஏ எஞ்சினுக்கு அது ரப்பர் பெல்ட், ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை. மீற்றரைப் பின்னுக்குச் சுற்றி விற்ற கார்கள் நிறைய. மாற்றிய திகதி எங்கும் எழுதியில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வாட்டர் பம்பையும் மாற்றினால் கூலி ஒருமுறைதான். அறுந்து நிற்பது ஹபரணைக் காட்டு வீதியில், யானை இறங்கும் நேரத்தில் என்றால் இழுத்து வரும் செலவே பெல்ட்டைவிடப் பெரிது.

ஒயில் குறைகிறதா என்று மாதம் ஒருமுறை குச்சியைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குறைந்தால் எஞ்சின் பிரிக்கும் பேச்சு வரும். அப்போது கராஜில் விலை கேட்குமுன் காரைக் கராஜின் பிட் குழிக்கு மேலே ஏற்றி, அடியை முழுக்கக் கழுவச் சொல்லுங்கள். பழைய காரை முடிப்பது எங்கள் ஊரில் எஞ்சின் இல்லை, துரு. ஒரு திருப்புளியால் ஜாக் வைக்கும் நான்கு இடங்களையும், பின்சக்கர வளைவின் உட்புறத்தையும், பிரேக் குழாய் போகும் வழியையும் குத்திப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் எஞ்சினில் காசு போடலாம். திருப்புளி உள்ளே போனால் பிளக் வயர்கூட மாற்ற வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி வாங்குபவரிடம் காட்டி, மாரிக்கு முன் விற்றுவிடுங்கள். என் காரில் இடப்பக்கப் பின் வளைவில் போன கிழமை திருப்புளி அரை அங்குலம் உள்ளே போனது. டிங்கர் வேலைக்காரர் நாளை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.